ஸ்ட்ராங் ரூமில் அரிசி மூட்டை

அணுபுரத்திலிருந்து அக்கா போன் செய்தாள். பெரியப்பாவின் மகள். அத்தானுக்குக் கல்பாக்கத்தில் வேலை. அணுசக்தித் துறை ஊழியர்களுக்காகக் கட்டிய குடியிருப்புதான் அணுபுரம். பெரியம்மா போன பிறகு பெரியப்பாவும் அங்கேதான் இருக்கிறார்.

"அம்மாவோட டிரங்குப் பெட்டியை ஒழிச்சேன்டா தம்பி. அடியில ஒரு பாஸ்புக்கும் டெபாசிட் ரசீதும் இருந்துது. அப்பாவுக்கே தெரியாதாம். நீதான் பி.காம். ஆச்சே, வந்து என்னன்னு பாரேன்."

பி.காம். படித்தவனுக்குச் சொந்தக்காரர்கள் தரும் மரியாதை இது. பத்திரிகையில் என்ன எழுதினாலும் படிக்க மாட்டார்கள். ஒரு ரசீது கிடைத்தால் மட்டும் ஞாபகம் வரும்.

போனேன். ரசீது 1994-ல் போட்டது. ஐயாயிரம் ரூபாய். நாமினி என்ற இடத்தில் அக்காவின் பெயர். பாஸ்புக்கில் கடைசி வரவு 1999. ஐம்பது, நூறு என்று சின்னச் சின்னத் தொகைகள். பெரியப்பா ரயில்வேயில் இருந்தபோது செங்கல்பட்டில் குடியிருந்தார்கள். அந்தத் தெருமுனையில் இருந்த வங்கிக் கிளை அது. வங்கியின் பெயரைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. அப்படி ஒரு வங்கியே இப்போது இல்லை. 2020 ஏப்ரல் 1-ம் தேதி பத்துப் பொதுத்துறை வங்கிகளை நான்காகச் சுருக்கினார்களே, அதில் இன்னொரு வங்கியோடு கலந்துவிட்டது.

பெரியப்பா ஒன்றுமே பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "வா, அந்தப் பாங்கைப் பாத்துட்டு வரலாம்" என்றார்.

"பாங்க் இல்லையே பெரியப்பா."

"கட்டடம் இருக்குமில்ல?"

இருந்தது. மளிகைக் கடையாக!

பெரியப்பா சொல்லித்தான் தெரிந்தது, அது ஆதியில் திண்ணை வைத்த வீடாம். வங்கி வாடகைக்குக் கேட்டதும் திண்ணையை இடித்து, கிரில் போட்டு, பின்கட்டில் ஸ்ட்ராங் ரூம் கட்டிக்கொடுத்தாராம் வீட்டுக்காரர். வங்கிகள் இணைந்தபின் ஒரே தெருவில் எதற்கு இரண்டு கிளை என்று இதைக் காலி செய்துவிட்டார்கள். கடைக்காரர் எங்களை உள்ளே கூட்டிப்போனார்.

"எல்லாத்தையும் மாத்திட்டோம் சார். இந்த ரூமை மட்டும் ஒண்ணும் பண்ண முடியலை. செவுரு அவ்வளவு கனம். இடிக்கிற கூலிக்கு இன்னொரு கடையே போடலாம். அரிசி மூட்டை அடுக்கிட்டேன். எலித் தொல்லை கிடையாது."

பெரியப்பா பருப்பு டப்பாக்கள் இருந்த பக்கம் போய் நின்றார். "இங்கதான் பித்தளை டோக்கன் குடுப்பாங்க. நான் ஒண்ணாந்தேதி வந்துடுவேன். அவ என்னிக்கு வந்துருப்பா?"

எனக்குப் பதில் தெரியவில்லை.

வங்கி என்றதும் நம் மனசில் முதலில் வருவது கட்டடம்தான், இல்லையா? கம்பிக் கதவு, கனத்த சுவர், வாசலில் துப்பாக்கியோடு ஒருவர். சென்னை ராஜாஜி சாலையில் ஸ்டேட் பாங்கின் பழைய கட்டடத்தைப் பாருங்கள். மெட்ராஸ் வங்கிக்காக 1890-களில் எழுப்பியது. கோட்டை மாதிரி இருக்கும். 'உன் பணம் எங்கேயும் போகாது' என்று கட்டடமே சொல்ல வேண்டும் என்பதுதான் கணக்கு.

ஆனால் கட்டடத்தை நம்பி ஏமாந்த கதையும் அதே சாலையில் உண்டு. அர்பத்நாட் கம்பெனி என்று ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி. நூறு வருடப் பெருமை. உத்தியோகஸ்தர்களும் விதவைகளும் பென்ஷன் வாங்கியவர்களும் கண்ணை மூடிக்கொண்டு பணம் போட்டார்கள். 1906 அக்டோபர் 22, திங்கட்கிழமை, கம்பெனி திவால். ஜார்ஜ் அர்பத்நாட்டுக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் கிடைத்தது. போட்டவர்களுக்கு முழுப் பணம் கிடைக்கவில்லை.

இதைப் பார்த்துக் கொதித்தவர்களில் ஒருவர் மயிலாப்பூர் வக்கீல் வி.கிருஷ்ணசாமி ஐயர். நம்மவர்களே நடத்தும் வங்கி வேண்டும் என்று அவரும் நண்பர்களும் கிளம்பியதில் பிறந்ததுதான் இந்தியன் வங்கி. 1907 ஆகஸ்ட் 15-ல் வேலையைத் தொடங்கியது. வேடிக்கை என்னவென்றால், அர்பத்நாட் இருந்த இடமே பிற்பாடு இந்தியன் வங்கிக்கு வந்து சேர்ந்தது. ஊரார் பணம் போன அதே இடம், ஊரார் பணத்தைக் காக்கும் இடமானது.

அப்படியானால் காப்பது எது? சுவர் இல்லை. சட்டமும் கணக்குப் புத்தகமும்தான். 1960-ல் கேரளத்தில் பாலை சென்ட்ரல் வங்கி விழுந்த பிறகுதான் டெபாசிட்டுக்கு இன்ஷூரன்ஸ் வந்தது. 1962-ல் தொடங்கியபோது வெறும் 1,500 ரூபாய். 1993-ல் ஒரு லட்சம். 2020 பிப்ரவரியில் ஐந்து லட்சம் ஆக்கினார்கள். அசலும் வட்டியும் சேர்த்து, ஒருவருக்கு, ஒரு வங்கியில்.

சரி, பெரியம்மாவின் பணம்? பத்து வருடம் யாரும் தொடாத பணத்தை வங்கிகள் ரிசர்வ் வங்கியின் ஒரு நிதிக்கு அனுப்பிவிடும். பயப்பட வேண்டாம், உரிமை போய்விடாது. வாரிசோ நாமினியோ வங்கியில் கேட்டு வாங்கலாம். எந்த வங்கியில் கிடக்கிறது என்று தேட 2023 ஆகஸ்டில் 'உத்கம்' என்ற இணையதளத்தையும் ரிசர்வ் வங்கி தொடங்கியிருக்கிறது. எங்களுக்கு அந்த வேலைகூட இல்லை. ரசீது கையில் இருந்தது. இணைந்த வங்கியின் கிளைக்குப் போனோம். அங்கிருந்த பெண் அதிகாரி பழைய எண்ணைப் புது எண்ணாக்கித் தேடிக் கண்டுபிடித்தார். இறப்புச் சான்றிதழ், அக்காவின் ஆதார், ஒரு விண்ணப்பம். இரண்டு மாதத்தில் பணம் வந்தது. பெரிய தொகை இல்லை. அக்கா இன்னும் அதைத் தொடவில்லை.

விண்ணப்பத்தோடு ஒரிஜினல் ரசீதைக் கொடுக்கும்போது பெரியப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "இரு, ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கிறேன்."

"எதுக்குப் பெரியப்பா? கணக்குதான் முடியப்போகுதே!"

"தேதி போட்டிருக்குல்ல. அவ வந்த தேதி."

இந்த ஞாயிற்றுக்கிழமை சும்மாதானே இருப்பீர்கள்? பரண்மேல் இருக்கும் அந்தப் பழைய பெட்டியை ஒருமுறை இறக்கிப் பாருங்கள்.