நடையும் நலமும்

நாம் நன்றி மறந்து பயன்படுத்தும் உறுப்புகளுள் இடுப்பு மூட்டு முதன்மையானது. தொடை எலும்பின் உருண்டைத் தலை, இடுப்பெலும்பிலுள்ள கிண்ணக் குழியில் பொருந்திச் சுழல்கிறது; நடக்கையில் உடலின் பாரமெல்லாம் அதன் வழியே காலுக்கு இறங்குகிறது. சிலருக்கு இக்கிண்ணம் ஆழமின்றி அமைந்துவிடுகிறது. பெண்களிடமே இக்குறை மிகுதி. இளமையில் அது வெளித்தெரியாமல் இருக்கலாம். முழுக் கிண்ணமும் தாங்க வேண்டிய சுமையை அதன் விளிம்பு மட்டுமே ஆண்டுக்கணக்கில் தாங்குவதால், குருத்தெலும்பு தேய்ந்து, இருபது முப்பது வயதில் தொடை இடுக்கில் வலி தொடங்குகிறது.

குடியாத்தமோ தரையோடு ஒட்டி உழைக்கும் ஊர். லுங்கி நெய்பவர் தறிக்குழியில் காலை இறக்கி அமர்கிறார். பீடி சுற்றும் பெண்கள் முறத்தை மடியில் வைத்துப் பொழுதெல்லாம் சம்மணமிட்டிருக்கிறார்கள். நம் பங்கிலும் அப்படியொரு சகோதரி உண்டு. முப்பதைக் கடந்தவர். ஓர் அடிக்கு ஒருமுறை உடல் பக்கவாட்டில் சாயும் அவரது நடையை ஊரார் பட்டப்பெயராகவே ஆக்கியிருந்தனர். அரை மணி நேரம் அமர்ந்தால் எழச் சுவரைப் பிடிக்க வேண்டும். திருப்பலியில் எல்லாரும் முழந்தாளிடும்போது அவர் மட்டும் பின்வரிசைத் தூணில் சாய்ந்து நிற்பார். அதைப் பக்திக் குறைவு என்று பேசியவர்களும் உண்டு.

மருத்துவர் எக்ஸ்ரேயைப் பார்த்து, குருத்தெலும்பு இன்னும் மிஞ்சியிருக்கிறது, இப்போதே திருத்தினால் சொந்த மூட்டையே காக்கலாம், தேய்ந்த பிறகு செயற்கை மூட்டுதான் வழி என்றார். அவருடைய தாய் நம்மிடம் வந்து, "நடந்துகிட்டு இருக்கிற பிள்ளைய வெட்டிப் படுக்கப் போடணுமா, சாமி?" என்று அழுதார். மகள் படுத்துவிட்டால் ஆயிரம் பீடிக்கான கூலியும் நின்றுவிடும் என்ற கவலையும் அக்கண்ணீரில் கலந்திருந்தது. முடிவு மகளுடையது; அவர் ஒப்புக்கொண்டார்.

இச்சிகிச்சையை 1984-ல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ரெயின்ஹோல்ட் கான்ஸ் என்னும் மருத்துவர் தொடங்கினார். கிண்ணத்தைச் சுற்றியுள்ள எலும்பை வெட்டி, கிண்ணத்தைத் திருப்பி, தொடைத் தலையை அது நன்கு மூடும்படி வைத்துத் திருகாணிகளால் பொருத்துகிறார்கள். புதிய மூட்டு எதையும் வைப்பதில்லை; இருப்பதையே சரியான திசைக்குத் திருப்புகிறார்கள். மனமாற்றம் பற்றிப் போதிக்கும் நமக்கு இது சிந்திக்கத்தக்க உவமை. பெர்னில் முதன்முதல் இச்சிகிச்சை பெற்ற 75 இடுப்புகளைத் தொடர்ந்து கவனித்ததில், இருபது ஆண்டுகளுக்குப் பின்னும் சுமார் 60 விழுக்காட்டினரின் சொந்த மூட்டு காக்கப்பட்டிருந்தது. ஆகவே இது நிலையான வரமன்று. விலைமதிப்புள்ள ஆண்டுகளை ஈட்டித் தரும் வழி.

திருத்தூதர் பணிகள் நூலில் அழகு வாயிலருகே கிடந்தவன் உடனே துள்ளி எழுந்தான். நம் சகோதரிக்கு அப்படி நிகழவில்லை. ஏறக்குறைய இரண்டு மாதங்கள் ஊன்றுகோல். பாதத்தைத் தரையில் மெல்லத் தொடவே அனுமதி. பின்னர் இடுப்பின் பக்கத் தசைகளுக்கு நாள்தோறும் பயிற்சி. ஆறாம் மாதத்தில் சாய்வு குறைந்தது. ஓராண்டு முடிகையில் வலியின்றிக் கடைவீதிவரை நடந்தார்.

ஆனால் சம்மணம் முன்போல் வரவில்லை. முழுதாகக் குந்தவும் இயலவில்லை. திருப்பப்பட்ட கிண்ணத்தின் முன்விளிம்பு, இடுப்பு மிகுதியாக மடங்குவதைத் தடுக்கக்கூடும். மருத்துவர்கள் இடுப்பின் செயல்திறனை அளக்க, 1969-ல் ஹாரிஸ் வகுத்த நூறு மதிப்பெண் அளவுகோலைக் கையாளுகின்றனர். வலிக்கு 44, நடை, படியேறுதல் முதலிய செயல்களுக்கு 47. அமர்வதைப் பற்றியும் அது கேட்கிறது. எனினும் அது கேட்பது நாற்காலியில் அமர்வதை! பாயில் அமர்ந்து உண்டு, தரையில் அமர்ந்து பிழைக்கும் நம் மக்களின் வாழ்வு அந்தத் தாளில் இல்லை. மதிப்பெண் உயர்ந்தவருக்கும் தம் வீட்டுத் தரை எட்டாத் தொலைவாகலாம். அறுவைக்கு முன்பே, "என்னால் கீழே உட்கார முடியுமா?" என்று கேட்பது நோயாளியின் உரிமை.

வேலூரின் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-ல் விபத்தில் கால்கள் செயலிழந்த பின்பும், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளைச் சீராக்கினார். செயல்திறன் என்பது உறுப்பின் அசைவு மட்டுமன்று. வாழ்வு தன் வேலையைத் தொடர்வதே. நம் சகோதரியும் உயர்ந்த பலகையொன்றில் அமர்ந்து இன்று பீடி சுற்றுகிறார்.

இறைவனோடு இரவெல்லாம் போராடிய யாக்கோபு ஆசி பெற்றார். எனினும் தொடைச்சந்து இடம்பெயர்ந்து நொண்டியே நடந்தார். ஆசியும் ஊனமும் ஒரே உடலில் தங்கும் என்பதை மறைநூல் மறைக்கவில்லை.

அன்பர்களே, உங்கள் வீட்டில் சாய்ந்து நடக்கும் பெண்பிள்ளை இருந்தால், "அவள் நடையே அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். மூட்டு தேயுமுன் மருத்துவரிடம் காட்டுங்கள். ஆலயத்தில் ஒருவர் முழந்தாளிடாமல் நின்றால், அவருடைய எலும்பு அறிந்ததை நாம் அறியோம் என எண்ணிச் சற்று நகர்ந்து இடம் கொடுங்கள்.