முதுகில் வைக்கும் கரண்ட்

கடுமையான கணைய அழற்சி வந்தவரால் மல்லாந்து படுக்க முடியாது. நெஞ்சுக்குழியில் கிளம்பும் வலி முதுகுவரை பாயும். தலையணையை அணைத்துக்கொண்டு முன்னால் குனிந்து உட்கார்ந்தால்தான் கொஞ்சம் ஆசுவாசம். பிசியோதெரபிஸ்டான எனக்கும் அதுவே தோது. தோல் வழியாக நரம்புகளை மின்சாரத்தால் தூண்டும் டென்ஸ் மெஷினின் பேடுகளை ஒட்ட வேண்டிய முதுகு அப்போதுதான் விரிந்து கிடைக்கிறது.

வலி வயிற்றில் இருக்க, முதுகில் ஏன் கரண்ட் வைக்கிறீர்கள் என்று கூட இருப்பவர்கள் கேட்பார்கள். கணையத்தின் வலியைக் கொண்டுவரும் நரம்பிழைகள் தண்டுவடத்துக்குள் நுழைவது நடுமுதுகு மட்டத்தில். தோள்பட்டை எலும்பின் கீழ்நுனியை விரலால் தடவிப் பிடித்தால், ஏறக்குறைய ஏழாவது மார்பு முள்ளெலும்பின் மட்டம் கிடைக்கும். அதை அடையாளம் வைத்து முதுகெலும்பின் இருபக்கமும் ஒட்டுவேன். வியர்வையைத் துடைத்து, தோல் காய்ந்த பிறகே ஒட்ட வேண்டும். ஓரம் தூக்கிக்கொண்டால் கரண்ட் மீதி இடத்தில் குவிந்து சுருக்கென்று குத்தும்.

“ஷாக் அடிக்குமா சார்?”

“அடிக்காதுங்கய்யா. எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும். தாங்கலேன்னா உடனே சொல்லுங்க.”

நொடிக்கு 80 முதல் 100 துடிப்பு வைத்து, மெல்ல ஏற்றி, அழுத்தமாகத் தெரிந்தும் உறுத்தாத அளவில் நிறுத்துவேன். கொஞ்ச நேரத்தில் உடம்பு பழகிவிடும். மறுபடி சற்றே ஏற்ற வேண்டும். அதனால் ஒட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட முடியாது. பேஸ்மேக்கர் வைத்தவருக்கு மெஷினை எடுப்பதே இல்லை. ஈசிஜி மானிட்டரில் கோடு குழம்பலாம் என்பதால் நர்ஸிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுவேன்.

தொடு உணர்வைக் கடத்தும் தடித்த நரம்பிழைகளைத் தூண்டினால் வலிச் செய்தி தண்டுவடத்திலேயே மட்டுப்படும் என்பது 1965இல் ஆய்வாளர்கள் மெல்சாக்கும் வாலும் முன்வைத்த கொள்கை. டென்ஸுக்கு அடிப்படை அதுதான். இன்னொரு பக்கம், மூளையிலிருந்து வயிறுவரை ஓடும் வேகஸ் நரம்பைத் தூண்டினால் அழற்சியையே தணிக்கலாம் என்ற நம்பிக்கை, ஆய்வாளர் கெவின் டிரேசியின் குழு 2000இல் எலிகளில் செய்த சோதனைக்குப் பிறகு வலுத்தது. அந்த நரம்பின் கிளை காது மடலின் குழிவிலும் ஓடுவதால், தோலுக்கு மேலிருந்தே தூண்டிப் பார்க்கிறார்கள். அது இன்னும் ஆய்வில் இருக்கும் விஷயம்.

என் மெஷின் வலியோடு நிற்கிறது. நோயைக் கவனிப்பது ட்ரிப்ஸும் மருந்தும், பித்தக்கல்லோ குடியோ எது காரணமோ அதற்கான வைத்தியமும்தான். பேடைக் கழற்றும்போது பத்துக்கு வலி எத்தனை என்று கேட்டு, நேரத்தோடு குறித்துவைப்பேன். எண் இறங்கியிருந்தாலும் வயிறு உப்பியிருக்கிறதா, மூச்சு வாங்குகிறதா என்று பார்க்காமல் நகர்வதில்லை. அப்படி ஏதாவது தெரிந்தால் டாக்டரைக் கூப்பிடுவதுதான் அடுத்த வேலை. வலி குறைந்ததைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.