துடுப்பு, ஜி.பி.எஸ், ஒரு டிபன் டப்பா... முட்டுக்காட்டில் புதையல் வேட்டை!

பீர்க்கன்கரணையிலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம், கோவளம் வழியாக பைக்கில் கிளம்பினால் முட்டுக்காடு. என் பையில் ஒரு சின்ன டிபன் டப்பா. உள்ளே நோட்டு, பென்சில்.

எதற்கு என்கிறீர்களா? 'ஜியோகேச்சிங்' விளையாட! 2000 மே மாதம் அமெரிக்காவின் ஓரிகனில் தொடங்கிய விளையாட்டு இது. ஒருவர் டப்பாவை ஒளித்துவைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் சொல்வார். மற்றவர்கள் ஜி.பி.எஸ் வைத்துத் தேடி, நோட்டில் பெயர் எழுதிவிட்டு, டப்பாவை அங்கேயே வைக்க வேண்டும்.

கயாக்கில் துடுப்புப் போட்டபடி ஒரு புதரோரம் ஒதுங்கினேன்.

"அங்க வேணாம் தம்பி" என்றார் கூட வந்த படகுக்கார அண்ணன். "நீ ஒருத்தன் வைப்ப. தேடிக்கிட்டு பத்துப் பேர் வருவாங்க. கொக்கு, நாரையெல்லாம் எங்க போகும்?"

என்னிடம் பதில் இல்லை. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் உபரி நீர், ஒக்கியம் மடுவு, பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக இங்கே வந்துதான் கடலைச் சேர்கிறது. அந்த வழி நெடுக இப்போது கட்டடங்கள். பறவைகளுக்கு மிச்சமிருப்பது கொஞ்ச இடம்தான்.

டப்பாவே இல்லாத வகையும் இதில் உண்டு. இடத்தைப் பார்த்து, கேள்விக்குப் பதில் சொன்னால் போதும். நண்பர்களுக்குப் படகுத்துறையின் லொகேஷனை மட்டும் அனுப்பினேன். கேள்வி: 'கரையில் நின்றபடியே எத்தனை வகைப் பறவைகளை எண்ண முடிகிறது?'

டப்பா என்னாச்சா? நோட்டை எடுத்துவிட்டு, கோவளத்தில் அதில்தான் சுண்டல் வாங்கினேன்!