உளி பிடித்த கை

நம்முடைய சபைகளில் வரங்களைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் பிரசங்க பீடமும் பாடகர் குழுவுமே மனக்கண்முன் வந்து நிற்கின்றன. நாவன்மை பெற்றவரையும் இனிய சாரீரம் வாய்த்தவரையும் கர்த்தர் விசேஷமாய் ஆசீர்வதித்திருக்கிறார் என்று மெச்சும் நாம், ஆராதனைக்கு முந்தின நாளே வந்து, கால் ஆடும் பெஞ்சை ஒருவரும் கேளாமலே சீர்செய்துவிட்டுப் போகும் தச்சருக்கு இருப்பது வெறும் தொழில்தான் என்று எப்படியோ தீர்மானித்துவிட்டோம். அந்தத் தீர்மானம் எத்துணைப் பிழையானது என்பதை டாக்டர் பால் பிராண்டின் சரித்திரத்தைப் படிக்குந்தோறும் உணர்கிறேன்.

1914-இல் கொல்லிமலையில் ஊழியம் செய்துவந்த மிஷனெரித் தம்பதிகளுக்கு மகனாகப் பிறந்த அவர், வாலிபப் பிராயத்தில் லண்டனில் முதலாவதாகக் கற்றது வைத்தியம் அன்று. மரம் இழைப்பதும் சுவர் எழுப்புவதுமான கட்டடத் தொழிலையே கற்றார். பிற்பாடு மருத்துவம் பயின்று, 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்து சேர்ந்தபோது, உளியோடு கழிந்த அந்த ஆண்டுகள் வியர்த்தமாயின என்றே எவரும் எண்ணியிருக்கக்கூடும். செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில், விரல்கள் மடங்கிச் செயலற்றுப்போனதாகத் தோன்றிய ஒரு நோயாளியின் கையில் தம் கையைக் கொடுத்து, இறுகப் பிடிக்கும்படி அவர் சொன்னார்; தமக்கே வலியெடுக்கும் அளவுக்கு அந்தப் பிடி வலுவாயிருந்தது. செத்ததென்று உலகம் கைவிட்ட கையில் உயிருள்ள தசைகள் இன்னும் எஞ்சியிருந்தன. நலமான தசைகளின் நாண்களை எடுத்து விரல்களோடு இணைத்து, மடங்கிய கைகளை விரியச்செய்யும் சிகிச்சை அந்த ஒரு பிடியிலிருந்தே பிறந்தது.

ஆனால் விரிந்த கையோடு ஊருக்குத் திரும்பியவனுக்கு வேலை கொடுப்பார் இல்லை. முடங்கிய கைக்கு விழுந்த பிச்சையும் நின்றுபோயிற்று. தம் கடமை அறுவை அறையோடு முடிந்தது என்று மருத்துவர் ஒதுங்கியிருந்தால் அவரைக் குறைகூற ஒருவரும் இல்லை. அவரோ வேலூரில் மண்குடிசைகளாலான நவஜீவ நிலையத்தை அமைத்து, அங்கே அம்மனிதர்களுக்குத் தச்சு வேலையும் மரப்பொம்மை செய்யும் வேலையும் கற்பிக்கச் செய்தார். அந்தப் பட்டறையில்தான் மருத்துவ உலகின் பழைய நம்பிக்கை ஒன்று தகர்ந்தது. தொழுநோயில் சதை தானாகவே அழுகி விரல்கள் உதிர்கின்றன என்று அதுவரை கருதியிருந்தார்கள். எந்தக் கருவியைப் பிடித்தவனுக்கு எந்த இடத்தில் புண் உண்டாயிற்று என்று நாள்தோறும் கவனித்தபோதோ, வலி என்னும் காவல் இல்லாமையால் கை தன்னையே காயப்படுத்திக்கொள்கிறது என்பது புலனாயிற்று. சுத்தியலின் கைப்பிடியைத் தாமே பல்லாண்டு பிடித்துப் பழகியிராத ஒரு மருத்துவருக்கு இது இத்துணைச் சீக்கிரம் விளங்கியிருக்காது என்பது என் துணிபு.

தங்களுக்கு இன்ன வரம் உண்டு என்று தெரியவில்லையே என்று உள்ளம் நொந்து ஜெபிக்கும் வாலிபரை எனக்குத் தெரியும். கதவடைத்து எத்தனை காலம் தன்னையே சோதித்தாலும் அது தெரியவராது என்று நான் நம்புகிறேன். நம்மிடத்தில் இருப்பவற்றுள் எது வரம் என்பதை அயலானின் தேவையே பெயர்சொல்லி அழைத்துக் காட்டுகிறது. பேதுருவின் நிருபம் நம்மை உக்கிராணக்காரர் என்றல்லவா சொல்லுகிறது? களஞ்சியத்துச் சாவியை வைத்திருப்பவன் பசித்தவன் முகத்தைப் பார்த்த பின்னரே எந்தப் பானையைத் திறப்பது என்று அறிவான்.

அதே வேலூரில் பயின்ற டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் நேர்ந்த கார் விபத்தில் முதுகுத்தண்டு சிதைந்து இரு கால்களையும் இழந்தவர்போலானார். உட்கார்ந்தபடியே செய்யக்கூடியது கை அறுவை. சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளரின் கைகளை அவர் நேராக்கினார். பின்னர் பாகாயத்தில் 1966-இல் திறக்கப்பட்ட புனர்வாழ்வு நிலையம், அவரைப்போலவே கால் செயலிழந்தவர்களுக்கு வாழ்வளித்தது.

பிராண்டிடம் சிகிச்சை பெற்றவருள் ஒருவர், தம் கைகள் விரிந்தபின் உடற்பயிற்சிச் சிகிச்சையையே தொழிலாகக் கற்றுக்கொண்டு, தமக்குப் பின் வந்த நோயாளிகளின் விரல்களை மடக்கவும் நீட்டவும் பயிற்றுவிக்கும் ஊழியத்தில் அமர்ந்தார்.