துப்பாக்கி வாங்கும் முன் மூன்று பேர்

பூட்டுக்குப் பேர்போன திண்டுக்கல்லில், பேகம்பூரைச் சேர்ந்த ஒரு தோல் வியாபாரிக்கு ஐம்பது வயதில் கைத்துப்பாக்கி ஆசை வந்தது. ஆசை என்பதைவிட பயம் என்பதே சரி. வசூல் பணத்தோடு இரவில் டூவீலரில் திரும்பும்போது, இரண்டு முறை யாரோ பின்தொடர்ந்து வந்தார்கள். 'இடுப்பில் ஒரு ரிவால்வர் இருந்தால் போதும்' என்று தோன்றிவிட்டது. ஆனால், ஆடு வாங்கினாலும் நாலு பேரைக் கேட்டு வாங்குகிற மனிதர் அவர். துப்பாக்கிக்கும் கேட்டார்.

முதலில் போனது, லைசென்ஸ் ரிவால்வர் வைத்திருக்கும் ஓய்வுபெற்ற ராணுவக்காரரிடம். "எந்த மாடல் சார் நல்லது?" என்றதும் அவர் சிரித்தார்.

"இது செல்போன் இல்ல பாய், கடைக்குப் போய் மாடல் பார்க்க! முதல்ல லைசென்ஸ். அப்புறம்தான் கடை."

1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, விண்ணப்பிப்பவருக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். எதற்காகத் துப்பாக்கி என்று காரணம் சொல்ல வேண்டும். போலீஸ் விசாரணை நடக்கும். 2016-ம் ஆண்டின் விதிகள் பாதுகாப்புப் பயிற்சியையும் கேட்கின்றன. லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்து சிக்கினால், 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. சினிமாவில் பார்க்கும் 9 எம்.எம். எல்லாம் பொதுமக்களுக்குக் கிடையாது. பெரும்பாலும் .32 ரகம்தான். கான்பூர் அரசுத் தொழிற்சாலை 2014-ல் பெண்களுக்கென்று வெளியிட்ட 'நிர்பீக்' ரிவால்வர்கூட அந்த ரகம்தான். சுமார் அரைக் கிலோ எடை. அப்போதே விலை ஒரு லட்சத்தைத் தாண்டியது.

அடுத்து, வங்கி வாசலில் இரட்டைக் குழல் துப்பாக்கியோடு நிற்கும் காவலாளி. "வண்டி ஓட்டிக்கிட்டே இருக்கீங்க, இருட்டு. பின்னாடி வர்றவன் திருடனா, அவசரமா வீட்டுக்குப் போறவனா, எப்படித் தெரியும்? நீங்க எடுக்கிறதுக்குள்ள அவன் பிடுங்கிட்டா, அது யார் துப்பாக்கி?" என்று கேட்டார். தற்காப்பு உரிமை சட்டத்தில் உண்டு. ஆனால், தற்காப்புக்குத் தேவையான அளவைத் தாண்டினால் அது குற்றம்.

மூன்றாமவர், சிறுமலை அடிவாரத் தோட்டக்காரர். அப்பா காலத்துத் துப்பாக்கி அவரிடம் இருக்கிறது. "நான் சுட்டதைவிட துடைச்சு எண்ணெய் போட்டதுதான் அதிகம்" என்றார். தேர்தல் அறிவித்ததும் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்குவது, 5 ஆண்டுக்கு ஒருமுறை லைசென்ஸைப் புதுப்பிப்பது, துப்பாக்கியையும் தோட்டாவையும் தனித்தனியாகப் பூட்டிவைப்பது, வீட்டில் துப்பாக்கி இருப்பதை ஊருக்குச் சொல்லாமல் இருப்பது... ஒவ்வொன்றாக விரல்விட்டுச் சொன்னார். பிறகு, டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்:

"வீட்டுல யாராச்சும் மனசு உடைஞ்சு இருக்காங்களா பாய்?"

வியாபாரியால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. மூத்த மகன் தனியாகத் தொடங்கிய தொழிலில் நஷ்டப்பட்டு ஆறு மாதம் ஆகிறது. சரியாகச் சாப்பிடுவதில்லை. ராத்திரி முழுக்க அறையில் விளக்கு எரிகிறது. "எல்லாம் போகப் போகச் சரியாகிடும்" என்று மனைவியிடம் சொல்லிவைத்திருந்தார். வெளியாள் ஒருவரிடம் அதைச் சொன்னது அன்றுதான்.

"அப்போ வேண்டாம் பாய். எவ்வளவு பெரிய பூட்டுப் போட்டாலும், சாவி வீட்டுக்குள்ளதானே இருக்கும்?"

அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை. திரும்பி வரும்போது வியாபாரிக்குத் திருடன் ஞாபகமே வரவில்லை.

பணத்துக்கு வழி இருந்தது. பெரிய பாக்கிகளை வங்கிக் கணக்கில் போடச் சொல்லிவிட்டார். சில்லறை வசூலை வெளிச்சம் இருக்கும்போதே முடித்து, துணைக்கு மைத்துனரோடு திரும்புகிறார். மகனுக்காக முதலில் 14416 என்ற 'டெலி மானஸ்' இலவச எண்ணில் தமிழிலேயே பேசினார். லைசென்ஸ் விண்ணப்பம் கொடுக்கக் குறித்துவைத்திருந்த திங்கட்கிழமை, மகனை மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனார்.