பனிக்காலம் முழுதும் ஜெயித்தவர்

ஸ்பீட் ஸ்கேட்டிங்கில் என் மனதுக்கு மிக நெருக்கமானது பெண்களுக்கான 1500 மீட்டர். 400 மீட்டர் ஐஸ் தடத்தில் மூன்றேமுக்கால் சுற்று. தேர்ந்தவர்கள் இரண்டு நிமிடத்துக்குள் முடித்துவிடுவார்கள். 500 மீட்டரில் யோசிக்க நேரமில்லை. 5000 மீட்டரில் மூச்சைப் பங்கிட்டுக்கொள்ளலாம். இதில் இரண்டும் நடக்காது. முதல் 300 மீட்டரில் வேகத்தைச் சேர்த்துக்கொண்டு, மிச்சமுள்ள மூன்று சுற்றிலும் அதை எவ்வளவு குறைவாக இழக்கிறோம் என்பதுதான் போட்டி. மணியடித்துக் கடைசிச் சுற்று தொடங்கியதும் வீராங்கனையின் இடுப்பைப் பாருங்கள். அதுவரை தாழ்ந்திருந்தது மெல்ல மேலே எழும். வளைவில் இடக்காலைத் தாண்டி வலக்காலை எடுத்து வைப்பது கனத்துப்போகும். தொடை எரிகிறது என்று யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

இந்த வலியை ஒருநாள் தாங்குவது வேறு, நவம்பரிலிருந்து மார்ச் வரை ஊர் ஊராகப் போய்த் தாங்குவது வேறு. 2017-18 உலகக் கோப்பைத் தொடரை நான் மறக்காததற்கு அதுதான் காரணம். நெதர்லாந்தின் ஹீரன்வீனில் தொடங்கி நார்வேயின் ஸ்டாவாங்கர், கனடாவின் கால்கரி, அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி என்று நீண்டது அந்தப் பயணம். சால்ட் லேக் தடம் கடல்மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கு மேல் இருக்கிறது. காற்று லேசாக இருப்பதால் உடம்பைத் தடுக்காது, நேரம் குறையும். ஆனால் அதே காற்று நுரையீரலுக்குப் போதாது. ஹீரன்வீனிலோ நேர்மாறு. இப்படி ஒவ்வொரு ஐஸும் வேறுவேறு கேள்வி கேட்கும். ஜப்பானின் ஹொக்கைடோவிலிருந்து வந்த மிஹோ தகாகி அந்தக் குளிர்காலத்தில் 1500 மீட்டரை அடுத்தடுத்து வென்றுகொண்டே போனார். முதலிடத்துக்கு 100 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 80. மார்ச்சில் மின்ஸ்க் நகரில் தொடர் முடிந்தபோது அந்தத் தூரத்தின் கோப்பை அவருடையது.

ஆனால் இடையில் பிப்ரவரி 12 வந்தது. பியோங்சாங் ஒலிம்பிக்கில் நெதர்லாந்தின் இரீன் வூஸ்ட் 1 நிமிடம் 54.35 விநாடியில் முடித்துவிட்டுக் காத்திருந்தார். தகாகிக்கு 1 நிமிடம் 54.55. ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு! உலகம் வெள்ளி என்று எழுதிக்கொண்டது. வூஸ்டின் தங்கத்தில் குறைசொல்ல எனக்கு மனம் வராது. நான்காண்டுக்கு ஒருமுறை வரும் நாளுக்கு உடம்பைச் சரியாகக் கொண்டுவந்து நிறுத்துவதும் பெரிய கலை. 2022இல் பெய்ஜிங்கிலும் அவர்தான் முதல், தகாகி இரண்டாவது. ஐந்து ஒலிம்பிக்கிலும் தனிநபர் தங்கம் வென்றவர் வூஸ்ட்.

எனக்கு வருத்தமெல்லாம் வேறு. அந்த இரண்டு வெள்ளியை வைத்தே இந்தத் தூரத்தில் தகாகியை எடைபோடுகிறார்கள். பல ஐஸ்களில், பல உயரங்களில், விமானக் களைப்போடு வந்திறங்கி ஜெயித்ததற்கு ஒரு வரிகூடக் கிடைப்பதில்லை. ஒருநாள் பந்தயத்தில் தடம், கூடவே சறுக்கும் ஜோடி, அன்றைய உடல்நிலை எல்லாம் கலந்துவிடும். ஒரு தொடர் முழுவதும் முன்னால் நிற்பவரைப் பற்றி அப்படிச் சந்தேகப்பட இடமே இல்லை. தகாகி அதைச் செய்து காட்டினார். என் கணக்கில் அது தங்கத்துக்கு ஒரு மாற்றும் குறைந்ததல்ல.

2019 மார்ச் 10, சால்ட் லேக் சிட்டி, உலகக் கோப்பையின் இறுதிச் சுற்று. அன்று அவர் 1500 மீட்டரை 1 நிமிடம் 49.83 விநாடியில் கடந்தார். அதுவரை எந்தப் பெண்ணும் 1 நிமிடம் 50 விநாடிக்குக் கீழே வந்ததில்லை. நடந்தது ஒலிம்பிக்கில் அல்ல என்பதால் பலர் கவனிக்கவில்லை. ஒலிம்பிக் இல்லாத ஆண்டிலும் நவம்பரில் உலகக் கோப்பை தொடங்கிவிடும். அப்போதும் ஒருமுறை பாருங்கள்.