கம்பிக்குக் கீழே இருப்பவர்கள்

ஒரகடம் பக்கம் தூறலில் உயர் அழுத்தக் கம்பிக்குக் கீழே குடையோடு நடந்து பாருங்கள். இரும்புக் காம்பில் விரல் பட்டால் சுருக்கென்று இருக்கும். மேலே 'கொய்ங்' என்று சத்தம். ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைகளுக்குக் கரண்ட் வேண்டும், யாரும் மறுக்கவில்லை. ஆனால் டவர் யார் கழனியில் நிற்கிறது?

நிலத்தைக் கையகப்படுத்துவதில்லை, பட்டா உங்கள் பேரில்தான் இருக்கும். 400 கிலோவோல்ட் பாதைக்கு 46 மீட்டர் அகலம். அதற்குள் வீடு கட்ட முடியாது, தென்னை வைக்க முடியாது. மனை விலை ஏறிக்கிடக்கும் இந்த வட்டாரத்தில் அது சின்ன இழப்பா?

2018 டிசம்பரில் புகளூர் உயர்மின் பாதைகளை எதிர்த்துக் கொங்குப் பகுதி விவசாயிகள் போராடியது இதற்காகத்தான். 2015 மத்திய வழிகாட்டுதலில் டவர் அடிமனைக்கு நில மதிப்பில் 85%, கம்பிப் பாதைக்கு அதிகபட்சம் 15% இழப்பீடு. 2024-இல் அது 200%, 30% ஆனது. போராட்டம் வீண் போவதில்லை என்பது என் கட்சி. ஆனால் அந்த நிலத்தில் பயிர் செய்யும் குத்தகைக்காரரின் இழப்பில்தான் இன்னும் யாருக்கும் அக்கறை இல்லை.

டவர் நடவும் கம்பி இழுக்கவும் பயன்படுவது 1885 தந்திச் சட்டம். அதற்கு மாற்றுச் சட்டம் வந்தும், மின்பாதைக்காக அதன் ஒரு பகுதியை விட்டுவைத்திருக்கிறார்கள். அதில் 16(3) பிரிவு உங்களுக்கு உதவும்: இழப்பீடு போதாது என்றால் மாவட்ட நீதிபதியிடம் மனு போடலாம். சர்வேயர் கல் நட வரும்போதே வரைபடத்தைக் கேளுங்கள். தெரிந்தவர்களுக்குப் பகிருங்கள்.